சுருங்கியது மூளையா, மாறியது மெஷினா? – டிமென்ஷியா ஆய்வு ஸ்கேன்கள் பற்றிய கேள்வி பதில்

கே: எம்ஆர்ஐ எங்கே எடுத்தாலும் எம்ஆர்ஐதானே சார்? ஆய்வுக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

கட்டி இருக்கிறதா, ரத்தக்கசிவா என்று பார்க்க எந்த மெஷினும் போதும். ஆய்வில் தேடுவது மிகச் சின்ன மாற்றம். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ், ஆரோக்கியமான முதியவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் சுருங்கும். அல்சைமர் வந்தவர்களுக்கு 4 சதவீதத்தை ஒட்டி. மெஷினை மாற்றினாலே அளவு அவ்வளவு முன்பின் ஆகிவிடலாம்.

கே: ஆட்னி (ADNI) என்ற பெரிய அல்சைமர் ஆய்வில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

2004இல் தொடங்கிய ஆட்னியில் அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து ஐம்பதுக்கு மேற்பட்ட மையங்கள். ஜிஇ, சீமென்ஸ், ஃபிலிப்ஸ் மூன்று கம்பெனி மெஷின்களும் கலந்துதான் இருந்தன. எல்லாரையும் ஒரே மெஷின் வாங்கச் சொல்ல முடியுமா? அதனால் ஒவ்வொரு மாடலுக்கும் தனி செட்டிங் வகுத்தார்கள். முதல் கட்டத்துக்கு 1.5 டெஸ்லா காந்தத் திறன் உள்ள மெஷின்.

அதோடு ஃபேன்டம், அதாவது மெஷினைச் சோதிக்க ஆளுக்குப் பதில் வைக்கும் பொருள். தலை அளவில் ஒரு கோளம். உள்ளே காப்பர் சல்பேட் கரைசல் நிரப்பிய சின்னச் சின்ன உருண்டைகள். எந்த உருண்டை எங்கே இருக்கிறது என்பது முன்பே துல்லியமாகத் தெரியும். படத்தில் இடம் தள்ளித் தெரிந்தால் மெஷின் எவ்வளவு கோணலாகக் காட்டுகிறது என்று அளந்துவிடலாம். மையத்திலிருந்து ஓரத்துக்குப் போகப் போகக் கோணல் கூடும். படங்களை மேயோ கிளினிக்கில் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் மரியாதை உள்ள வேலை அதுதான்.

கே: நான் ஸ்கேன் டெக்னீஷியன். என் பக்கம் என்ன கவனிக்கணும்?

பாதி ஆய்வு உங்கள் கையில்தான் இருக்கிறது. அதே மெஷின், தலையைச் சுற்றி வைக்கும் அதே காயில், தலை அதே இடத்தில். மூளையின் அளவைக் கணக்கிட உதவும் டி1 முப்பரிமாணப் படத்தை முதலில் எடுங்கள். நேரம் போகப் போகப் பெரியவர்களால் அசையாமல் இருக்க முடியாது. 'இப்படி எடுத்தால் இன்னும் தெளிவாக வரும்' என்று நல்லெண்ணத்தில்கூட செட்டிங்கைத் தொடாதீர்கள். சாஃப்ட்வேர் அப்கிரேட் வருகிறதென்றால் ஆய்வுக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேனுக்கு?

ஸ்கேனுக்கு முன் ஊசியில் செலுத்தும் கதிரியக்க மருந்து எது என்பதைப் பொறுத்து, அமிலாய்டு அளவைக் காட்டும் எண் மாறும். அதற்காக 2015இல் சென்டிலாய்டு அளவுகோல் வந்தது: இளம் ஆரோக்கியர்களின் சராசரி 0, அல்சைமர் நோயாளிகளின் சராசரி 100.

கே: அம்மாவுக்கு இரண்டு சென்டரில் எடுத்தோம், ரிப்போர்ட் வேறுபடுகிறது. பயப்படணுமா?

ரிப்போர்ட்டை மட்டும் ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள் அம்மா. இரண்டு சிடியையும் ஒரே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை முடிந்தவரை பழைய சென்டரிலேயே எடுங்கள்.

கே: காம்பேட் (ComBat) என்ற புள்ளியியல் திருத்தம் போட்டால் மையத்துக்கு மையம் உள்ள வித்தியாசம் போய்விடுமே?

ஓரளவு போகும். ஆனால் ஒரு மையத்தில் நோயாளிகள் மட்டும், இன்னொன்றில் ஆரோக்கியர்கள் மட்டும் என்றால் எது நோயின் வித்தியாசம், எது மையத்தின் வித்தியாசம் என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. ஆள் சேர்க்கும்போதே ஒவ்வொரு மையத்திலும் இரு தரப்பையும் சேருங்கள்.