வார்டில் எல்லாம் பைஸ்டாண்டரே செய்கிறார், நான் எதைக் கற்றுக்கொள்வது?

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் செமஸ்டர். மெடிக்கல் வார்டில் போஸ்டிங். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பது எல்லாமே நோயாளிக்குத் துணையாகக் கூட இருக்கும் வீட்டார், அதாவது பைஸ்டாண்டர்தான். நாங்கள் பி.பி., டெம்பரேச்சர் பார்த்து எழுதிவிட்டு, கேர் பிளானை (பராமரிப்புத் திட்டத்தை) சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பியடிக்கிறோம். 'ஐ.வி. போடப் படி, மற்றதெல்லாம் அட்டெண்டர் வேலை' என்கிறார்கள் சீனியர்கள். ஆண் நோயாளிக்கு பெட்பேன் வைக்கக் கூச்சமாகவும் இருக்கிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க உண்மையில் எப்படிக் கற்றுக்கொள்வது?"

மக்களே, ஐ.வி. போட நீ எப்படியும் படித்துவிடுவாய். நாலு பேருக்குப் போட்டால் கை தானாகப் பழகும். நீ கேட்டிருக்கிற விஷயம் அப்படிப் பழகாது. நர்சிங் ஃபவுண்டேஷன் பாடத்தை இந்திய நர்சிங் கவுன்சில் முதல் இரண்டு செமஸ்டரில் வைத்திருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால், ஒரு நோயாளியின் பக்கத்தில் உன்னை நிறுத்தி "இவருக்கு என்ன வேண்டும், பார்" என்று நிதானமாகச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது.

நான் மாணவியாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எழுபது தாண்டிய ஒரு பாட்டா, காய்ச்சலும் சளியுமாக அட்மிட் ஆகியிருந்தார். பேரன் கூட இருந்தான். வேளாவேளைக்குச் சாப்பாடு வரும், தட்டு காலியாகத் திரும்பும். நானும் சார்ட்டில் 'நன்றாகச் சாப்பிட்டார்' என்று எழுதிவைத்தேன். மூன்றாம் நாள் டீச்சர் வந்து டார்ச் அடித்துப் பாட்டாவின் வாயைப் பார்த்தார். நாக்கு வெடித்துக் காய்ந்து கிடந்தது. வாயில் ஒரு பல்கூட இல்லை. "பல்செட் எங்கே?" அட்மிட் ஆன ராத்திரி காஷுவாலிட்டியில் கழற்றியதை, தொலைந்துபோகக் கூடாதென்று வீட்டார் துண்டில் சுற்றி லாக்கருக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். சோறு பேரன் வயிற்றுக்குப் போயிருக்கிறது. பாட்டா மூன்று நாளும் பால் இல்லாத கட்டஞ்சாயாவில் ஓட்டியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கிய பிள்ளே, என்னத்துக்குச் சொல்லணும்" என்றார். மூன்று நாளும் நான் எழுதியது பொய். பொய் என்று தெரியாமலே எழுதினேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நம் ஊரில் வீட்டார் கூட இருந்து பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அப்பாவுக்கு மகள் ஊட்டுகிற கஞ்சியை நீ தட்டிப்பறிக்க வேண்டாம். ஆனால் ஊட்டுவது அவர் கையாக இருந்தாலும், உள்ளே எவ்வளவு போயிற்று, முழுங்கும்போது இருமினாரா, சாப்பிட்டவுடன் படுக்கப் போட்டார்களா என்று பார்ப்பது உன் வேலை. அமெரிக்காவில் பியாட்ரிஸ் காலிஷ் என்ற நர்சிங் ஆய்வாளர் 2006-ல், வார்டுகளில் செய்யாமல் விட்டுப்போகும் பராமரிப்பைப் பற்றி நர்ஸ்களிடமே கேட்டு எழுதினார். நடக்கவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, உடம்பைச் சுத்தமாக வைப்பது, குடித்த அளவையும் போன அளவையும் எழுதுவது, ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவது. விட்டுப்போனவை பெரும்பாலும் இவைதான். அங்கே பைஸ்டாண்டர் கிடையாது, அதனால் விட்டுப்போனது வெளியே தெரிந்தது. இங்கே வீட்டார் செய்வதால் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதைப் பார்ப்பது என்பதற்கு நர்சிங் அறிஞர் விர்ஜினியா ஹெண்டர்சனின் 14 தேவைகளை மனப்பாடம் செய்திருப்பாய்: மூச்சு, உணவு, கழிவு, அசைவு, தூக்கம், உடை என்று போகும் பட்டியல். தேர்வுக்கு அது போதும். வார்டில் எனக்குக் கைகொடுத்தது அவர் சொன்ன இன்னொன்று. ஒருவருக்கு வலுவும் மனசும் விவரமும் இருந்தால் தனக்குத் தானே என்னென்ன செய்துகொள்வாரோ, அதைச் செய்ய உதவுவதுதான் நர்சிங் என்றார். ஆகவே ஒவ்வொரு தேவையிலும் இந்த மூன்றில் எது குறைகிறது என்று கேட்டுப் பார். நம் பாட்டாவுக்கு எழுந்து உட்காரும் அளவுக்கு வலு இருந்தது. பசியும் இருந்தது. பல்செட் கேட்டால் கிடைக்கும் என்ற விவரம் இல்லை, கேட்க மனசும் வரவில்லை. அப்படியிருக்க 'உணவு உட்கொள்ள ஊக்குவித்தல்' என்று காப்பியடித்த கேர் பிளான் அவருக்கு எதற்கு ஆகும்?

இனி குளிப்பாட்டுவதற்கு வருவோம். இதைச் சுத்தம் செய்யும் வேலையாக மட்டும் நினைக்காதே. வேறு எந்த நேரத்திலும் ஒரு நோயாளி தலை முதல் கால் வரை உடம்பை உன்னிடம் காட்டமாட்டார். பைஸ்டாண்டரிடம், "அக்கா, இன்னைக்கு நாம ரெண்டு பேருமா குளிப்பாட்டுவோம்" என்று சொல், யாரும் மறுக்கமாட்டார்கள். ஸ்கிரீனை இழுத்துவிடு, ஃபேனை நிறுத்து. வெள்ளம் (தண்ணீர்) 43 முதல் 46 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கட்டும். கண்ணை சோப்பு இல்லாமல், மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடை, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு மூலை. கை, கால்களை நுனியிலிருந்து மேல்நோக்கித் துடை. துடைக்கும் இடத்தை மட்டும் திறந்துவைத்து மற்றதை மூடு, குளிருக்காகவும் மானத்துக்காகவும்.

ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் அவசரப்படாமல் நில். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், பின்தலை நாலையும் பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகும். அதனால் புறங்கையை வைத்துப் பார். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, தொளதொளப்பாகவோ இருந்தால், தொட்டதும் முகம் சுளித்தால், உடனே ஸ்டாஃபிடம் சொல். அந்த இடத்தைத் தேய்த்துவிடச் சொல்லும் பழைய வழக்கம் இன்னும் சில வார்டுகளில் இருக்கிறது. நீ செய்யாதே, உள்ளே நைந்த சதை இன்னும் நையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதைப் பைஸ்டாண்டருக்கு வாயால் சொல்லி நிறுத்தாதே, ஒருமுறை அவர் கையாலேயே செய்யவைத்துக் காட்டு. இழுக்காமல் தூக்கி நகர்த்த வேண்டும் என்பது பார்த்தால்தான் புரியும்.

கூச்சம் பற்றி. உனக்கு இருப்பதைவிட அதிகக் கூச்சம் அந்த மனிதருக்கு இருக்கிறது. பெட்பேன் கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்களை எல்லா வார்டிலும் பார்க்கலாம், அம்மமார் இன்னும் அதிகம். ஃபிளாஸ்க் நிறைய சீரக வெள்ளம் காலையில் வைத்தபடியே சாயங்காலமும் இருக்கும். குடிக்காமல் இருந்தால் மலம் கட்டும், மூத்திரக் கடுப்பு வரும், வயசானவர்களுக்குப் புத்தி தடுமாறும். ராத்திரி யாரையும் எழுப்பக் கூடாதென்று தனியாக பாத்ரூமுக்கு எழுந்து, அங்கே விழுவார்கள். ஆகவே ஃபிளாஸ்க் குறையவில்லை என்றால் "ஏன் குடிக்கல?" என்று அதட்டாதே. "மூத்திரம் போக யார் கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேள். முழு விஷயமும் அந்தப் பதிலில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: இதயம், சிறுநீரகக் கோளாறில் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தியிருப்பார்கள், பக்கவாதக்காரர்களுக்கு முழுங்கும் சோதனை முடியாமல் ஒரு சொட்டும் கூடாது. சார்ட்டைப் பார்த்து, ஸ்டாஃபிடம் கேட்ட பிறகே வாயில் எதையும் கொடு.

பெட்பேன் வைக்க முதல் இரண்டு தடவை சீனியர் ஸ்டாஃபோடு நில். ஆண் நோயாளி ஆண் ஸ்டாஃப் வேண்டுமென்றால் அது அவர் உரிமை, ஏற்பாடு செய்து கொடு. நீயே வைக்கும்போது, என்ன செய்யப் போகிறாய் என்று முதலில் சாதாரணக் குரலில் சொல். இடுப்பைத் தூக்க முடியாதவரை ஒருக்களித்து, பேனை வைத்து, திரும்ப மல்லாத்து. டாக்டர் தடை சொல்லியிருக்காவிட்டால் தலைப்பக்கத்தை உயர்த்து, படுத்துக்கொண்டு யாருக்கும் வராது. கைக்கெட்டும் இடத்தில் மணியை வைத்துவிட்டு ஸ்கிரீனுக்கு வெளியே போய் நில். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பாவம், அவருக்கு அடைத்துக்கொள்ளும். முடிந்ததும் அவர் கை கழுவத் தண்ணீர் கொடு. இதை முக்கால்வாசிப் பேர் மறப்பார்கள். பேனை எடுத்துப் போகும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்பதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நம் எல்லையில் பேச்சும் ஒரு தேவைதான். கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து அம்மச்சியிடம் "மோஷன் போச்சா?" என்றால் விழிப்பார். "வயற்றீன்னு போயோ?" என்றால் முகம் தெளிந்து பதில் வரும். சர்த்தி (வாந்தி), தலகறக்கம் (தலைசுற்றல்), ஸ்வாசம்முட்டல் (மூச்சுத்திணறல்) என்று அவர்கள் சொல்லும் வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதிவைத்துக்கொள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் தோழிகளுக்கும் சொல்லிக்கொடு. 'வெள்ளம்' என்று நோயாளி கேட்டது புரியாமல் ஒரு பிள்ளை நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

நாளைக் காலை டியூட்டியில் இப்படிச் செய். ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள். பி.பி. பார்த்து முடித்ததும் அவர் பக்கத்தில் அரை மணி நேரம் இரு. சாப்பாட்டு வேளையாக இருந்தால் நல்லது. அன்றைக்குப் பார்த்ததை மட்டும் கேர் பிளானில் எழுது. 'காலையில் இரண்டு இட்லியில் அரை இட்லி, முழுங்கும்போது இருமல் இல்லை, வலது குதிகால் சூடு' என்று நாலு வரி போதும். டீச்சர் சீனியர் நோட்டு மாதிரி இல்லையே என்று கேட்டால், அவரையே அந்தக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குதிகாலைக் காட்டு. பல்செட் போடுகிறவரா என்று அட்மிஷன் அன்றே கேட்டு எழுதிவிடு. பெயர் எழுதிய மூடியுள்ள டப்பாவில், தண்ணீரில் போட்டு, அவர் கைக்கெட்டும் இடத்தில் வை.