மிசினால் இழுக்க வேண்டாம், முதலில் பெல்ட்டைப் பாரும்

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 17, உயர்தரம் படிக்கிறார். அப்பப்பா ஓடிய டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கப் பிக்கப், 2எல் என்ற வகை டீசல் எஞ்சின், அவர் காலமான பிறகு ஒன்பது வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. அதைத் திருத்தித் தன் முதல் வாகனமாக்க வேண்டும் என்று ஆசை, கையில் கச்சான் விற்ற காசு கொஞ்சம் இருக்கிறது. மாமா சொல்கிறாராம், "புதுப் பற்றரி ஒன்றைப் போட்டு, உழவு மிசினில் கயிறு கட்டி இழுத்தால் பிடித்துவிடும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்" என்று. இழுக்கலாமா, எதில் தொடங்குவது, எவ்வளவை நானே செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, இழுக்க வேண்டாம். அதற்காக மாமாவோடு சண்டைக்கும் போக வேண்டாம், அவர் சொல்வது மொறிஸ், ஒஸ்ரின் காலத்துப் பழக்கம். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆக்கி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைத் தள்ளியும் இழுத்தும்தான் வன்னியில் பாதிப்பேர் வாகனம் பழகினோம். அந்த எஞ்சின்களுக்குள் இருந்தது ரைமிங் செயின், அதாவது வால்வுகளையும் பிஸ்ரன்களையும் ஒத்து அசைய வைக்கும் இரும்புச் சங்கிலி. உம்முடைய 2எல்லில் அந்த வேலைக்கு இருப்பது றப்பர் பெல்ட். புதிதாக இருந்தால் ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடும், ஆனால் ஓடாமல் ஒன்பது வருடம் வெக்கையில் நின்றால் மீற்றர் என்ன சொன்னாலும் அதை நம்ப முடியாது. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் போய் அடிக்கும். நானே ஒருமுறை, பொறுமை இல்லாமல், இதே எஞ்சின் உள்ள ஒரு ஹைஏஸ் வானை வட்டக்கச்சியில் மிசினால் இழுத்தேன். ஐம்பது யார் தூரம் கூடப் போகவில்லை, "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் எட்டு வால்வில் ஆறு வளைந்து கிடந்தன. அந்த வானின் சொந்தக்காரர் ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாரும். ஒன்பது வருடம் நின்ற வாகனத்துக்கு பிறேக் இருக்காது. முன்னால் மிசின், பின்னால் பிறேக் இல்லாத ஒன்றரைத் தொன் இரும்பு, அதற்குள் நீர். மாமா திடீரென்று மிசினை நிறுத்தினால் என்ன நடக்கும்?

சரி, எதில் தொடங்குவது? ஸ்பனரில் இல்லை, புத்தகத்தில். வாகனப் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் உள்ள செசி (அடிச்சட்டம்) இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்று பாரும். எங்கள் பக்கத்தில் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் போட்டு ஓடிய காலம் ஒன்று இருந்தது, அதை ஒருவரும் எங்கும் பதியவில்லை. எஞ்சின் மாறியிருந்தால் பதிந்து எடுக்க வழி உண்டு, செசி இலக்கம் பொருந்தாவிட்டால் அதில் ஒரு ரூபாயும் போடாதேயும். புத்தகம் இன்னும் அப்பப்பா பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழோடு பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், என்னென்ன பத்திரம் வேண்டும் என்று எழுதி வாங்கும். சித்தப்பா, மாமிமார் எல்லோருக்கும் பங்கு இருக்கலாம், அவர்களின் சம்மதத்தை இப்போதே எடுத்துவிடும். திருத்தி முடித்த பிறகு கேட்டால் வாகனத்துக்குத் திடீரென்று சொந்தக்காரர் கூடிவிடுவார்கள், அதுவும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பிக்கப் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். வருட வரிப் பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தில் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள், விட்டுப்போன வருடங்களின் நிலுவை எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டுவிடும்.

அப்புறம் வாகனத்துக்கு வாரும். பொனற்றைத் தூக்க முன் ஒரு தடியால் நாலு பக்கமும் தட்டும். வைக்கோல் கிடக்கும் கொட்டிலில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் புடையன் பாம்பு இருக்கும், சீற்றுக்குக் கீழே வெறுங்கையை விடாதேயும். சைலன்சர் வாயிலும் காற்று இழுக்கும் குழாயிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதை முழுதாக எடுக்க வேண்டும்.

எஞ்சின் இறுகியிருக்கிறதா என்று அறிய பற்றரி தேவையில்லை. நாலு ஹீற்றர் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று கரண்டி எஞ்சின் ஓயில் விட்டு ஒரு இரவு விடும். அடுத்த நாள் எஞ்சின் முன்னால் உள்ள கிராங்க் புல்லியின் நட்டில் நீளக் கைபிடியுள்ள சொக்கற்றைப் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாக, கையால் மெதுவாகத் திருப்பும். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் உமக்கு அதிர்ஷ்டம். எங்கேயாவது கெட்டியாக நின்றால் பைப் போட்டு நெம்ப வேண்டாம், இன்னும் ஓயில் விட்டு ஒரு கிழமை பொறும்.

திரும்பினால் அடுத்தது அந்த பெல்ட். பெல்ட்டோடு அதை இறுக்கும் பெயாரிங்கையும் மாற்ற வேண்டும், பெயாரிங் இறுகினாலும் புது பெல்ட் போய்விடும். இதை மட்டும் தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டுச் செய்வியும், நீர் பக்கத்தில் நின்று மார்க்குகளைப் படம் எடுத்து வையும். ஒரு பல்லு மாறினாலும் எஞ்சின் சரியாக ஓடாது.

ஓயிலை வடிக்கும்போது நிறத்தைப் பாரும். கறுப்பு என்றால் பரவாயில்லை, பால் தேத்தண்ணி மாதிரி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட்டோ காஸ்கற்றோ போயிருக்கலாம். 2எல்லின் பலவீனமே ஹெட்தான், ஒருமுறை கொதித்தால் வெடிப்பு விழும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தல் அடியில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அப்படித்தான் ரேடியேற்றருக்குள்ளும் படியும், ஆகவே ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தமாக்கி, ஹோஸ் எல்லாம் புதிது போட்டு, கூலன்ற் விடும். வெயில் ஊர்தானே என்று தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியச் சொல்வார்கள். எறிய வேண்டாம், புதிது போடும்.

பழைய டீசலை ஒரு சொட்டும் பாவிக்காதேயும். ராங்கை இறக்கி, அடியில் தண்ணீரோடு ஊறியிருக்கும் கறுப்புச் சேற்றைக் கழுவி, றப்பர் குழாய்களையும் பில்டரையும் மாற்றும். அப்பப்பா அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓடியிருந்தால் டீசல் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அந்த பம்புக்கு டீசல்தான் எரிபொருளும் ஓயிலும், மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது. டீசல் குழாய்களில் அடைபட்ட காற்றை எடுப்பது லேசு: பில்டருக்கு மேலே உள்ள கை பம்பை இறுகும்வரை அமத்தி, நொசில் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஸ்ராட்டரைச் சுற்றும். பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் ஒரேயடியாகச் சுற்ற வேண்டாம், ஸ்ராட்டர் எரிந்துவிடும். டீசல் பீறுகிற இடத்தில் விரல் வைத்துப் பார்க்கவே கூடாது, அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், பிறகு விரலே மிஞ்சாது. முதல் ஸ்ராட்டுக்கு ஒரு பலகைத் துண்டோடு ஒருவர் காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கட்டும். நின்று போன பம்ப் சிலநேரம் இறுகி, சாவியை நிற்பாட்டினாலும் எஞ்சின் றேஸ் ஏறிக்கொண்டே போகும், அப்போது காற்றை அடைத்தால்தான் நிற்கும். துணியாலோ கையாலோ அடைக்க வேண்டாம், உள்ளே இழுத்துவிடும்.

இப்போது பிறேக். உம்முடைய கச்சான் காசில் பெரும்பங்கு போக வேண்டியது இங்கேதான். பிறேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரத்தால் மாஸ்ரர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் உள்ளுக்குள்ளே கறள் பிடித்திருக்கும். நாலு சில்லையும் கழற்றி றப்பர், ஹோஸ் எல்லாம் மாற்றும், குழி விழுந்த சிலிண்டரை உரஞ்சிப் போடாமல் புதிது வாங்கும். கழுவுவதற்குப் புது பிறேக் ஓயில் போதும். மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஓயில் எது பட்டாலும் றப்பர் ஊதிவிடும், இரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு வளைவில் பெடல் நிலத்துக்குப் போகும். பழைய லைனிங் தூசியில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவும். காற்று எடுக்கும்போது மாஸ்ரர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான இடதுபக்கப் பின்சில்லில் தொடங்கும். இந்த வேலை முழுவதையும் நீரே செய்யலாம், முடிந்ததும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டும்.

கீழே படுக்க முன் ஜக்கை மட்டும் நம்பாதேயும். சீமெந்துக் கல்லை முண்டு கொடுப்பது இன்னும் மோசம், அது சொல்லாமல் பிளக்கும். தடித்த மரக்குற்றி அல்லது இரும்பு ஸ்ராண்ட்தான். படுத்திருக்கும்போதே பின் ஸ்பிறிங் பூட்டியிருக்கும் இடங்களில் செசியைச் சுத்தியலால் தட்டிப் பாரும், "ணங்" என்றால் நல்லது, "சொத்" என்றால் கறள் தின்றுவிட்டது, வெல்டிங் தெரிந்த ஆளிடம்தான் போக வேண்டும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ முழுதாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய ரயரோடு றோட்டில் ஏற வேண்டாம். எலி கடித்த வயருக்கு இன்சுலேசன் ரேப் சுற்றலாம், பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பேப்பர் சுற்ற மட்டும் கூடாது.

பெயின்ற், பாட்டு செற், அலோய் றிம் எல்லாம் கடைசியில். உதிரிப்பாகத்துக்கு வவுனியாவில் விசாரித்துவிட்டுப் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் விலை கேளும், பழைய பார்ட்ஸ் பரவாயில்லை, ஆனால் பெல்ட்டும் பிறேக் சாமானும் பழசு வேண்டாம்.

ஓட்டுவது? லைசன்ஸ் 18 வயதுக்குத்தான். இந்த பிக்கப் 3500 கிலோவுக்கு உட்பட்ட வகுப்பில் வரும், லொறி லைசன்ஸ் தேவையில்லை. அதுவரை வளவுக்குள் மாமாவைப் பக்கத்தில் இருத்தி முதலாம் கியரில் போய் நின்று, பின்னுக்கு வந்து நின்று பழகும். பரந்தன் முல்லைத்தீவு றோட்டில் இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். பெல்ட் மூடியைத் திறந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பும், பார்த்துச் சொல்கிறேன்.