ட்ரவுட் தூண்டில் செட்: காசை எதில் போடுவது?

கேள்வி: மே கடைசியில் இமாச்சலின் தீர்த்தன் ஆற்றுப் பக்கம் போகிறோம். ட்ரவுட் மீன் பிடிக்க ஃப்ளை ராட் (பூச்சி போலக் கட்டிய ‘ஃப்ளை’ முள்ளை வீசும் தூண்டில் கோல்) வாங்க ஆசை. ராட், ரீல், லைன், முப்பது ஃப்ளை எல்லாம் சேர்ந்து 6,500 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு செட் பார்த்தேன். ‘8 வெயிட், செம ஸ்ட்ராங்’ என்று போட்டிருக்கிறது. கடலில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. வாங்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: வேண்டாம். விலையில் குறையில்லை, அந்த 8-தான் இடிக்கிறது.

கடலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் குண்டே கிடையாது. இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்கு எடை என்று சொல்லவே ஒன்றுமில்லை. லைனின் சொந்தக் கனம்தான் ராடை வளைத்து முள்ளைக் கொண்டுபோய்ப் போடுகிறது. அதனால்தான் ராடுக்கும் லைனுக்கும் ஒரே எண் (அதுதான் ‘வெயிட்’) வேண்டும். 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம். 8-ஆம் எண் 13 கிராமுக்கு மேல். அது தொப்பென்று தண்ணீரில் விழுந்தால் ட்ரவுட் அங்கே நிற்காது. உங்களுக்கு 9 அடி, 5 வெயிட், நாலு துண்டாகக் கழற்றும் ராட் போதும். கழற்றினால் 70 செ.மீ. நீளம், பெட்டியில் அடங்கும்.

ரீலுக்குச் செலவழிக்காதீர்கள். கடல் மீனுக்கு ரீலின் பிரேக் உயிர். மலை ஆற்று ட்ரவுட்டுக்கு அது நூல் சுற்றி வைக்கிற ராட்டினம், அவ்வளவுதான். மிச்சமாகும் காசை லைனில் போடுங்கள். அட்டையில் WF5F என்று இருக்க வேண்டும்: முன்பக்கம் கனம், எண் 5, மிதப்பது. மலிவு செட்டில் பெரும்பாலும் ஏமாறுவது இதில்தான். நாலடி உருவிக் கையால் இழுத்து விடுங்கள். சுருள் நேராகாமல் திரும்பச் சுருண்டுகொண்டால் அந்த லைன் தண்ணீரிலும் அப்படித்தான் கிடக்கும்.

எண்களில் இன்னொரு குழப்பம் உண்டு. ராடில் எண் ஏறினால் கனம் ஏறும். முள்ளில் எண் ஏறினால் அளவு சிறுக்கும். லைன் நுனியில் முள்ளுக்கு முன்னால் கட்டும் மெல்லிய நரம்பான டிப்பெட்டில் எண் ஏறினால் நரம்பு மெலியும். டிப்பெட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: 11-லிருந்து X-க்கு முன்னால் உள்ள எண்ணைக் கழித்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வரும். 4X என்றால் 7, அதாவது சுமார் 0.18 மி.மீ. உறையில் உள்ள தடிமன் இதோடு ஒத்துப்போகாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

ஃப்ளை முப்பது எதற்கு? மே கடைசியில் பனி உருகி ஆறு ஏறி ஓடும். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் கூடிக் கலங்கும். அப்போது மீன் கரையோரக் கல்லை ஒட்டி அடியில் நிற்கும், மேலே மிதக்கும் பூச்சியை அவ்வளவாகக் கவனிக்காது. 12 முதல் 16 வரை அளவில், டங்ஸ்டன் மணி வைத்து அடியில் மூழ்கும் ‘நிம்ஃப்’ வகை ஃப்ளை பத்துப் பன்னிரண்டு வாங்குங்கள், மிதக்கும் வகை நாலைந்து போதும். காலையிலேயே ஆற்றில் இருங்கள்.

இமாச்சலில் ட்ரவுட்டுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை தடைக்காலம், மே மாதத்தில் பிரச்சினையில்லை. மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு மட்டும் கட்டாயம்.

கேள்வி: 5 வெயிட் செட் கேட்டேன், 8-ஆம் எண் லைன் வைத்து அனுப்பிவிட்டார்கள். ‘பெட்டியைப் பிரித்தாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். (வாசகி, கோவை)

பதில்: பிரிக்காமல் உள்ளே என்ன எண் என்று யாருக்குத் தெரியும்! விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. லைன் அட்டை, பில், விளம்பரப் பக்கம் மூன்றையும் படமெடுத்து முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதுவரை அந்த லைனை ரீலில் சுற்றிவிடாதீர்கள், ‘பயன்படுத்திவிட்டார்’ என்று அடுத்த சாக்குச் சொல்வார்கள்.