சில பிடிஎஃப்களுக்கு மட்டும் சிறுபடம் வராதது ஏன்?

லினக்ஸில் கோப்புகளைப் பார்க்க உதவும் நாட்டிலஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள். ஒரே ஃபோல்டரில் சில பிடிஎஃப்களுக்கு முதல் பக்கம் தெரிகிறது, சிலவற்றுக்கு வெறும் ஐகான்தான். இதுதானே கேள்வி?

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். இயல்பான வரம்பு 50 எம்பி. பெரிய ஸ்கேன் கோப்புகள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். டிகான்ஃப் எடிட்டர் என்ற அமைப்புகளை மாற்றும் கருவியில் இந்த வரம்பைக் கூட்டலாம். நெட்வொர்க் டிரைவில் இருக்கும் கோப்பென்றால், நாட்டிலஸின் விருப்பத்தேர்வுகளில் சிறுபடம் காட்டுவதை 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்ற வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் பழைய தோல்விப் பதிவுதான் காரணம். சிறுபடங்கள் ஹோமில் மறைந்திருக்கும் 'கேச்' ஃபோல்டருக்குள் 'தம்ப்நெய்ல்ஸ்' என்ற இடத்தில் பிஎன்ஜி படங்களாகச் சேர்கின்றன. கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் அந்த 'கேச்' ஃபோல்டர் தெரியும். 'தம்ப்நெய்ல்ஸ்' உள்ளே 'ஃபெயில்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒருமுறை படம் உருவாக்க முடியாமல் போனால் அங்கே குறித்து வைத்துக்கொள்ளும். கோப்பு மாறாதவரை மறுபடி முயலவே முயலாது. பிடிஎஃப் மென்பொருளைப் புதுப்பித்த பிறகும் படம் வராமல் அடம்பிடிப்பது இதனால்தான். அந்த 'ஃபெயில்' ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு நாட்டிலஸை மூடித் திறங்கள். உங்கள் ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று: ஆவணத்தை அழித்தாலும் அதன் சிறுபடம் உடனே போகாது. நாட்டிலஸ் இடம்பெறும் க்னோம் என்ற டெஸ்க்டாப், பழையவற்றைத் துப்புரவு செய்ய இயல்பாக 180 நாள் கெடு வைத்திருக்கிறது. பெரிய அளவுப் படத்தில் தலைப்பெழுத்துகளை வாசித்துவிடலாம். பலர் பயன்படுத்தும் கணினியில் ரகசிய ஆவணம் பார்த்தால், 'தம்ப்நெய்ல்ஸ்' முழுவதையும் அழித்துவிடுங்கள். தேவையானவை தானாகத் திரும்ப உருவாகும்.