நாய்க்குச் சீனி, மாமாவின் ஊசி

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதி ‘நாய் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது’ என்றுதான் தொடங்குகின்றன. எவ்வளவு என்று ஒருவரும் எழுதவில்லை.

எங்கள் பொமரேனியன் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, இரவில் இரண்டு தரம் சலம் போக எழும்புகிறது. வெயில்தானே காரணம்? (வெள்ளவத்தை)

கொழும்பில் வெயில் எப்போது இல்லை? எடை எழுதவில்லை, வயது இல்லை, ஆணா பெண்ணா என்றும் இல்லை. காலையில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் மிச்சத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். கிலோவுக்கு 50, 60 மில்லிலீற்றர் சரி. 100ஐத் தாண்டினால் இரத்தம், சலம் இரண்டையும் பரிசோதியுங்கள். சீனி வருத்தமாக (நீரிழிவு) இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழாகவும் இருக்கலாம். இரவில் தண்ணீர்க் கோப்பையை ஒளித்துவைக்க வேண்டாம்.

சீனி என்று சொல்லிவிட்டார்கள். மாமாவின் சீனிக் குளிசை மெட்போமினில் பாதி கொடுக்கலாமா? (தெஹிவளை)

வேண்டாம். நாய்க்கு வரும் சீனியில் கணையம் இன்சுலின் சுரப்பதையே விட்டுவிடுகிறது. குளிசைக்கு அங்கே வேலையில்லை. ஊசிதான், சாப்பாட்டோடு நாளுக்கு இரண்டு தரம், 12 மணித்தியால இடைவெளியில்.

நாய்க்குத் தந்த இன்சுலினை, கனின்சுலினை, மாமா இன்சுலின் போடும் ஊசியில்தான் ஏற்றுகிறோம். 8 யூனிட் என்றார்கள், 8ஆம் கோடு வரை எடுக்கிறோம். மூன்று வாரமாகியும் சீனி இறங்கவில்லை. மருந்து பழுதா? (கொட்டாஞ்சேனை)

மருந்தில் ஒரு குறையும் இல்லை. வருடக்கணக்காக இதையே சொல்லிக் களைத்துவிட்டேன். கனின்சுலினில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 யூனிட். மாமாவின் ஊசி மில்லிலீற்றருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்குக் கோடு போட்டது. அதில் 8 வரை எடுத்தால் நாய்க்குப் போவது 3 யூனிட் சொச்சம். நீங்கள் மூன்று வாரமாக அரைவாசிக்கும் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

மறுபக்கமாகப் பிழைவிட்டால்தான் உயிர் போகும். மில்லிலீற்றருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை 40க்குக் கோடு போட்ட ஊசியில் எடுத்தால் 8 என்பது 20 ஆகிவிடும், சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். ஒருமுறை ஒரு லாப்ரடோரைச் சாரத்தில் சுற்றித் தூக்கிவந்தார்கள், நான்கு காலும் வெட்டிவெட்டி இழுத்தன. ‘எல்லா ஊசியும் ஒன்றுதான்’ என்று எங்கோ ஒரு பார்மசியில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வழியில் வீட்டுப் பையன் பல் முரசில் தேன் தடவிக்கொண்டே வந்ததால் பிழைத்தது. உங்கள் நாயும் தள்ளாடினால் அதைத்தான் செய்யுங்கள். மயங்கிக் கிடந்தால் வாய்க்குள் ஒன்றும் ஊற்றாதீர்கள்.

குப்பியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு தரமும் பாருங்கள். சரியான ஊசி வாங்கியதும் முதலில் டொக்டருக்கு அழைத்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள், அளவை அவர் தீர்மானிக்கட்டும். அப்புறம் நேரம், யூனிட், சாப்பிட்டதா என்பதெல்லாம் கொப்பியில்.

உண்ணிக் காய்ச்சலுக்கு டொக்சிசைக்ளின் 28 நாள் தந்தார்கள். பத்தாம் நாளே துள்ளி விளையாடுகிறது. நிற்பாட்டலாமா?

28 என்றால் 28. சாப்பாட்டோடு கொடுங்கள்.

பதினொரு வயது, இரவில் இருமுகிறது. பனடோல் கொடுத்தேன், குறையவில்லை. (மட்டக்குளி)

நல்லவேளை, இருமலாவது மிஞ்சியிருக்கிறது. பனடோல் நாய்க்கு நஞ்சு. கொடுத்த அளவையும் நேரத்தையும் இன்றே மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். இருமலுக்கு இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நாய் தூங்கும்போது ஒரு நிமிடத்து மூச்சை எண்ணுங்கள். 30ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஊசி ஒழுங்காகப் போகிறது, ஆனால் கண் வெள்ளையாகி வருகிறது. எங்கள் பிழையா?

இல்லை. சீனி வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வருடத்துக்குள் புரை விழுகிறது. சத்திரசிகிச்சை உண்டு, பொருந்துமா என்று கேளுங்கள். அதுவரை கதிரை மேசையை இடம் மாற்றாதீர்கள், தண்ணீர்க் கோப்பையையும்தான்.