வேறு மாடல் வீலும் ஹப் அடாப்டரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் காரின் ஹப்பில் (வீல் மாட்டும் சுழலும் நடுப்பகுதி) நான்கு ஸ்டட் (நட் ஏறும் மரைத்தண்டு), பி.சி.டி. (ஸ்டட் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 4×100, அதாவது நான்கு ஸ்டட், 100 மி.மீ. வேறு மாடலின் 5×114.3 அலாய் வீல்கள் கிடைத்துள்ளன. அடாப்டர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே போடும், தனி ஸ்டட்கள் உள்ள உலோகத் தட்டு) வைத்து மாட்டலாமா?

பதில்: வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. அடாப்டரில் உங்கள் ஹப்புக்கான நான்கு துளைகள் 90 டிகிரிக்கு ஒன்று, வீலுக்கான ஐந்து ஸ்டட்கள் 72 டிகிரிக்கு ஒன்று. எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரு துளையும் ஒரு ஸ்டட்டும் 9 டிகிரிக்குள் வந்துவிடும். உங்கள் அளவுகளில் அப்போது மையத்துக்கு மையம் 11 மி.மீ.தான். ஸ்டட்டின் விட்டமே 12 மி.மீ.! நட் உட்காரும் குழியும் ஸ்டட் பதியும் இடமும் ஒன்றையொன்று தின்னும். தடிமனைக் கூட்டித்தான் இதைச் சமாளிக்க முடியும். தடிமன் கூடினால் வீல் அந்த அளவுக்கு வெளியே தள்ளும். 5×100 காருக்கு 5×114.3 வீல் என்றால் கதை வேறு. ஸ்டட்கள் இரு துளைகளுக்கு நடுவே 36 டிகிரியில் விழும், இடைவெளி கிட்டத்தட்ட 34 மி.மீ. கிடைக்கும். நான்கு ஸ்டட் காருக்கு நான்கு துளை வீலையே தேடுங்கள்.

கேள்வி: ஐந்து துளை வீலில் எதிரெதிர்த் துளை கிடையாதே, பி.சி.டி.யை எப்படி அளப்பது?

பதில்: பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை அளந்து 1.7013-ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் 114.3, 65.8 வந்தால் 112. வித்தியாசம் 1.4 மி.மீ. மட்டுமே என்பதால் டேப் போதாது, வெர்னியர் வேண்டும். 112 வீலை 114.3 ஹப்பில் ‘இழுத்துப் பிடித்து’ மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். நட் சாய்ந்து உட்காரும், ஸ்டட் வளையும், ஓடஓட நட் தளரும்.

கேள்வி: பழைய வீல் 15×6 (அங்குலத்தில் விட்டம், அகலம்), ஈ.டி.40 (வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் 40 மி.மீ. வெளிப்பக்கம்). புதியது 16×7, ஈ.டி.45. நடுவில் 20 மி.மீ. அடாப்டர். உரசுமா?

பதில்: அடாப்டர் தடிமனை ஈ.டி.யிலிருந்து கழியுங்கள்: 45–20=25. பழையதைவிட 15 மி.மீ. குறைவு. அகலம் ஓர் அங்குலம் கூடியதால் இருபுறமும் 12.7 மி.மீ. சேரும். ஆக வெளி விளிம்பு 27.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு ஷாக் அப்சார்பரிலிருந்து 2.3 மி.மீ. விலகும். உள்ளே பயமில்லை, ஃபெண்டர்தான் கவலை. ஒரு வீலை மட்டும் மாட்டி, பின்சீட்டில் ஆளை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். உரசாவிட்டாலும் ஸ்டியரிங் கனக்கும், பள்ளமான தடங்களில் இழுக்கும், வீல் பேரிங் சீக்கிரம் தேயும். டயர் விட்டத்தையும் ஒப்பிடுங்கள்: 185/65 ஆர்15 என்றால் 621.5 மி.மீ., 205/55 ஆர்16 என்றால் 631.9. இந்த 1.7 சதவீதம் பரவாயில்லை, 3-ஐத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: 5 மி.மீ. ஸ்பேசரை (தனி ஸ்டட் இல்லாத இடைத்தட்டு) பழைய ஸ்டட்டிலேயே போடலாமா?

பதில்: நட்டைக் கையால் திருகி, முழுச் சுற்றுகளை எண்ணுங்கள். மரை பிடிக்கும் நீளம் குறைந்தது ஸ்டட் விட்டத்தின் அளவு இருக்க வேண்டும். 12×1.5 மரைக்கு (12 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர்வு) 8 சுற்று, 12×1.25-க்கு 10. குறைந்தால் நீளமான ஸ்டட் அடித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் கூடவே கூடாது.

கேள்வி: அடாப்டர் மாட்டியபின் 80–100 கி.மீ. வேகத்தில் நடுக்கம். பேலன்ஸிங் செய்தும் போகவில்லை.

பதில்: வீல் ஹப்பின் மையத்தில் உட்காரவில்லை. அடாப்டரின் உள்துளை உங்கள் ஹப் விளிம்பு அளவுக்கும், அதன் வெளி உதடு வீலின் மையத்துளைக்கும் (உதாரணமாக 54.1, 67.1) சரியாகப் பொருந்த வேண்டும். இடைவெளி இருந்தால் அதை நிரப்பும் ரிங் போடுங்கள். அடுத்து, கழற்றி ஹப் முகத்தைப் பாருங்கள். துருச்செதில், டிஸ்க்கைப் பிடிக்க ஸ்டட்டில் மாட்டியிருக்கும் மெல்லிய வாஷர் இரண்டில் எது இருந்தாலும் அடாப்டர் கோணலாகத்தான் உட்காரும். கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேயுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அடாப்டர் 20 மி.மீ., காரின் ஸ்டட் 26 மி.மீ. நீண்டிருந்தால் 6 மி.மீ. வெளியே துருத்தும். வீலின் பின்முகத்தில் அந்த இடத்தில் குழிவு இல்லாவிட்டால் வீல் ஸ்டட் நுனிகளில்தான் நிற்கும். நட் இறுகியதுபோலத் தெரியும், வீல் பதிந்திருக்காது. இந்த நிலையில் வண்டியை எடுக்காதீர்கள். ஸ்டட்டை அறுத்தால் பழைய வீலுக்கு மரை பற்றாது. தடிமனான அடாப்டரே வழி.

கேள்வி: முறுக்கும் முறை? ஸ்டெப்னி?

பதில்: ஏர் கன்னை ஒதுக்குங்கள். மரை காய்ந்திருக்கட்டும், கிரீஸ் தடவினால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) ஸ்டட் அதிகமாக இழுபடும். முதலில் உள் நட்டுகளை (அடாப்டரை ஹப்பில் பிடிப்பவை) எதிரெதிராக, பிரேக்கை மிதிக்க ஆள் வைத்து, கார் கையேடு சொல்லும் டார்க்கில் முறுக்குங்கள் (12 மி.மீ. ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 100–110 நியூட்டன் மீட்டர்). பிறகு வீல் நட்டுகள். அவற்றின் இருக்கையும் (நட் வீலில் பதியும் முகம்) பொருந்த வேண்டும்: ஹோண்டா ஒரிஜினல் வீல்களில் பந்து வடிவம், வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு.

50–100 கி.மீ. ஓடியதும் வீலைக் கழற்றி உள் நட்டுகளை மீண்டும் சோதியுங்கள். வெளி நட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதால்தான் அடாப்டரோடு வீல் கழன்று ஓடுகிறது. டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

பழைய ஸ்டெப்னி அடாப்டரில் ஏறாது. சாலையோரத்தில் அடாப்டரையும் கழற்ற வேண்டியிருக்கும், அதன் குழிக்குள் சாதாரண வீல் ஸ்பானர் நுழையாது. மெல்லிய சுவருள்ள சாக்கெட், அதற்கான கைப்பிடி, ஒரிஜினல் நட் ஒரு செட் டிக்கியில் இருக்கட்டும்.