தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்: நம் ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

குடியாத்தம்: சார், பைக்கில் ஒரு தண்ணீர் டப்பா மாட்டினால் ஹைட்ரஜன் வந்து மைலேஜ் கூடும் என்று கிட் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. தண்ணீர் எரிபொருள் இல்லை. ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல் அது. திரும்பப் பிரிக்க அதில் கரன்ட் பாய்ச்ச வேண்டும், அதற்கு எரிந்தபோது வந்த சக்தியைவிட அதிகம் செலவாகும். அந்தக் கரன்ட் உங்கள் பேட்டரியிலிருந்து வருகிறது, பேட்டரி சார்ஜ் ஆவதோ உங்கள் பெட்ரோலில். மைலேஜ் எங்கிருந்து கூடும்?

ஆம்பூர்: போர் தண்ணீரில் எடுக்க முடியாதா?

நம் பக்கத்துக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. கணக்குப்படி 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் அதில் உப்பே இருக்கக் கூடாது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் உப்பு பல ஊர்களின் நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது. குளோரைடு உள்ள தண்ணீரில் கரன்ட் பாய்ச்சினால் பிளஸ் பக்கம் குளோரின் வாயுவும் கிளம்பும், மின்முனையும் அரிக்கும். கால்சியம், மெக்னீசியம் மைனஸ் பக்கம் வெள்ளையாகப் படியும். அதனால் ஆர்.ஓ. செய்து, அப்புறம் மிச்சமிருக்கும் உப்பு அயனிகளையும் நீக்கிய பிறகுதான் தண்ணீரைப் பிரிக்கும் மெஷினுக்குள் விட முடியும். ஆர்.ஓ. கழிவை மறுபடி பாலாற்றிலேயே விடுவதாக இருந்தால் அப்படி ஒரு ஆலை நமக்கு வேண்டாம் என்பேன்.

காட்பாடி: பையன் பள்ளிக் கண்காட்சிக்கு இதைச் செய்கிறான். எவர்சில்வர் ஸ்பூனும் உப்பும் போதுமா?

இரண்டுமே வேண்டாம் அம்மா. உப்பு போட்டால் குளோரின் வரும். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. பிளஸ் பக்கம் அது கரைந்து நச்சான ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம். ராணிப்பேட்டை மண்ணையும் நீரையும் கெடுத்தது அதேதான். இருபுறமும் சீவிய பென்சில் இரண்டு, 9 வோல்ட் பேட்டரி, தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போதும். மைனஸ் பக்கம் பொடிப்பொடியாக நிறையக் குமிழ் வரும், அதுதான் ஹைட்ரஜன். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாயுவைப் பாட்டிலில் பிடித்துக் கொளுத்திப் பார்க்க விடாதீர்கள்.

ராணிப்பேட்டை: வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. சோலாரில் செய்தால் விலை குறையாதா?

குறையும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1 கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் கரன்ட் தேவை. அந்த ஒரு கிலோவில் கிடைக்கும் சக்தி 33 யூனிட்தான். அதை ஃபியூயல் செல் என்ற கருவியில் போட்டு மறுபடி கரன்ட் எடுத்தால் அதிலும் சுமார் பாதிதான் தேறும். சோலாரை மட்டும் நம்பினால் ராத்திரி முழுக்க விலை உயர்ந்த மெஷின் சும்மா கிடக்கும். வெயிலின் ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்கும் பி.இ.எம். வகை (நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு உள்ள) மெஷினுக்கு இரிடியம் என்ற அரிய உலோகம் வேண்டும், உலகம் முழுக்க வருடத்துக்குச் சில டன்தான் கிடைக்கிறது. எனவே கரன்டிலேயே ஓடக்கூடிய பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இது வீண். உரம், எஃகு ஆலைகளுக்குக் கொடுப்பதே சரி. 2023இல் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் அறிவித்த பசுமை ஹைட்ரஜன் திட்டம் அங்கே போனால்தான் பலன்.

வேலூர்: கேஸ் சிலிண்டர் மாதிரி வீட்டில் வைக்கலாமா?

கூடாது. சமையல் கேஸ் குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 டிகிரி வேண்டும், இல்லையென்றால் வாயுவாகவே 350 அல்லது 700 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல சுமார் 350, 700 மடங்கு) அடைக்க வேண்டும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். வாசனை கிடையாது, பகலில் சுடரும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.